ஒரே முகவரியிலிருந்து நாற்பத்தொரு வாக்கு

எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்தாரில் யோகலிங்கத்தின் கையெழுத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அகதி விண்ணப்பமா, கவுன்சில் வீட்டுக்கு மனுவா, அரசாங்க உதவிப்பணம் கேட்கும் பெனிபிட் கடிதமா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படிவமா, எல்லாக் கடதாசியும் அவருடைய சமையலறை மேசைக்குத்தான் வரும். வந்தவர்கள் தமிழில் சொல்வார்கள், அவர் ஆங்கிலத்தில் எழுதுவார், கீழே அவர்கள் கையொப்பம் வைப்பார்கள். சொன்னதற்கு மேல் ஒரு சொல் போட மாட்டார், சொன்னதில் ஒரு சொல் விடமாட்டார். “யோகண்ணை எழுதினால் பிறகு கதையில்லை” என்று சனம் சொல்லும். அந்த ஒரு பேச்சைத் தவிர மனுசனிடம் வேறு பெருமை கிடையாது. அதைப் பெரிய சொத்தென்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

எண்பத்துநான்கில் லண்டன் வந்தவர். பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஐந்து வருடம் ஷிப்ட் அடித்தார். அதற்கிடையில் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, தொண்ணூறில் கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் ஒப்பரேட்டர் வேலை எடுத்தார். மனைவி சந்திரவதனா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊர்ச்சங்கத்துக்கு யோகலிங்கம் செயலாளர். யார் தலைவராக வந்தாலும் செயலாளர் அவர்தான், ஏனென்றால் தலைவராக இருப்பது எல்லோருக்கும் ஏலும், கூட்டக் குறிப்பு எழுதத்தான் ஒருத்தருக்கும் ஏலாது.

கல்லூரி அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. தொண்ணூற்றுமூன்றில் அது பெரிய காரியம். லண்டனில் அவருக்குத் தெரிந்த தமிழரில் வேறு எவரிடமும் அது இல்லை. அந்த முகவரி வழியாக அவர் ‘சந்தி’ என்ற மின்னஞ்சல் குழுவுக்குள் போனார். ஒஸ்லோவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் அதை நடத்தினான். ரொறன்ரோ, சிட்னி, பாரிஸ் என்று சிதறிப்போன இருநூறு முந்நூறு பேர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி, ஊரில் நடந்த புதினம் பகிர்ந்து, ஒருவரையொருவர் திட்டி, மறுநாள் சமாதானமாகி வாழ்ந்த இடம் அது. அங்கே வருவதையெல்லாம் யோகலிங்கம் கல்லூரி அச்சு இயந்திரத்தில் எடுத்து, வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோவிலுக்குக் கொண்டுபோவார். பூசை முடிந்ததும் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று சனம் அதை வாசிக்கும். சுவாமி கும்பிட வந்த கூட்டம் எவ்வளவு, கடதாசி வாசிக்க வந்த கூட்டம் எவ்வளவு என்று முருகனுக்குத்தான் வெளிச்சம்.

தொண்ணூற்றுநான்கு நவம்பரில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த எவருக்கும் அதில் வாக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே வாக்கு இருந்தவர்களைவிட இங்கே இருந்தவர்களுக்குச் சூடு அதிகம். ஒஸ்லோ மாணவன் ஒரு யோசனை போட்டான். தேர்தலுக்கு முதல் ‘சந்தி’யில் எல்லோரும் தங்கள் தெரிவைப் பகிரவேண்டும். ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஊர், வாக்கு இருந்தால் யாருக்கு, ஏன். பெயரில்லாமல் எழுதினால் சேர்க்கப்படாது.

அந்த வெள்ளிக்கிழமை யோகலிங்கம் இதைக் கோவிலில் சொன்னதுதான் தாமதம், சனம் சுற்றிவிட்டது. “என்ர பேரையும் போடுங்கோ யோகண்ணை. அப்பான்ர பேரோட சேர்த்துப் போடுங்கோ, அப்பதான் ஊரில ஆளைத் தெரியும்.” “சமாதானத்துக்கு எண்டு போடுங்கோ.” “எனக்கும் அதேதான், ஆனால் காரணம் கொஞ்சம் நீட்டா எழுதுங்கோ.” சமாதானம் பேசப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வேட்பாளர் நின்ற காலம் அது. பதினொரு வருடம் குண்டு, செல்லடி என்றே செய்தி கேட்டுக் களைத்திருந்த சனம் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தேர்தலே வேண்டாம், பகிஷ்கரிக்க வேண்டும் என்று இருந்தவர்கள் பெயர் கொடுக்கவே வரவில்லை. பகிஷ்கரிப்பென்றால் அதுதானே.

கோவிலில் பாதிப் பேர், போனில் பாதிப் பேர். ஒருவரிடமும் மின்னஞ்சல் இல்லாதபடியால் எல்லாவற்றையும் யோகலிங்கமே கல்லூரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து கம்ப்யூட்டரில் தட்டினார். முதல் வரி சந்திரவதனாவுடையது. கொக்குவிலில் அவளுடைய தாயும் தம்பியும் இருந்தார்கள். “பாதை திறந்தால் அம்மாவைப் போய்ப் பாக்கலாம் எண்டு எழுதுங்கோ, வேற காரணம் வேண்டாம்” என்றாள். அப்படியே எழுதினார். பியற்றிஸ் ரீச்சர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்துவிட்டு மகளோடு இல்போர்ட்டில் இருந்தவர், கிறிஸ்தவராயிருந்தாலும் கடதாசி வாசிக்கக் கோவிலுக்கு வருபவர், நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தட்ட வைத்தார். பார்க்கிங்கில் மளிகைக்கடை வைத்திருந்த ஆனந்தராஜா, பட்டியலின் அச்சுப் பிரதியில் தன் பெயரைக் காணவில்லையென்று வீட்டுக்குப் போன் அடித்துச் சண்டை பிடித்தார்.

“என்ன யோகண்ணை, எல்லாற்ற பேரும் இருக்கு, என்ர பேருக்கு மட்டும் என்ன பஞ்சம்? நான் மனுசனில்லையோ?”

“நீர் காரணம் சொல்லேல்லை ஆனந்தன், அதுதான் வைச்சிருந்தனான்.”

“காரணமோ? நாடு நல்லாயிருக்க வேணும். போடுங்கோ.”

அவர் நாற்பத்தோராவது. நாற்பத்தொரு பேருக்கும் ஒரே தெரிவு. நாற்பத்திரண்டாவதாக யோகலிங்கம் தன்னுடையதை எழுதினார்: ‘ஒருவருக்கும் இல்லை. நம்பிக்கை வரவில்லை.’ எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தவரே எதிர்மாறாக எழுதியதைப் பார்த்துக் கோவிலில் சனம் பகிடி பண்ணியது. வீட்டில் சந்திரவதனா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் மனதில் இருந்ததை எழுதினேன், மற்றவர்கள் மனதில் இருந்ததையும் அப்படியேதான் எழுதினேன் என்று அவர் சொன்னார். அதில் அவருக்கு ஒரு சின்னத் திமிர்கூட இருந்தது.

சமாதானம் என்று சொன்னவர் வென்றார். ஆனந்தராஜா கடையில் வந்தவர் போனவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். தை மாதம் போர்நிறுத்தம் வந்தது, சந்திரவதனா பயணப் பெட்டி வாங்கினாள். சித்திரையில் எல்லாம் முறிந்து, சமாதானம் என்று வென்றவருடைய இராணுவமே யாழ்ப்பாணத்தை நோக்கி வந்தது. ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணம் ஒரு நாளில் காலியாகி, லட்சக்கணக்கில் சனம் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு செம்மணி வெளியால் நடந்தது. சந்திரவதனாவின் தாய் சீனி வருத்தக்காரி, நீரிழிவு மாத்திரையில் நடமாடுபவள். மகனோடும் மகனின் இரண்டு பிள்ளைகளோடும் முதலில் சாவகச்சேரி, பிறகு வன்னியில் ஒரு கொட்டில்.

வன்னிக்குத் தபால் ஒழுங்காகப் போவதில்லை. மருந்து கொண்டுபோவது அதைவிடக் கஷ்டம். வவுனியா வழியாகப் போய்வரும் ஆட்களைப் பிடித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். அந்த ஆட்களைத் தெரிந்தவர் செவன் கிங்ஸ், பார்க்கிங் வட்டாரத்தில் ஒரே ஒருவர், ஆனந்தராஜா. சும்மா சொல்லக்கூடாது, காசு வாங்காமல்தான் செய்தார். ஆனால் யாருடைய பார்சல் எப்போது போகும் என்பது அவர் வாயில் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை சந்திரவதனா சீனிக் குளிசைகளைப் பொதி செய்து அவருடைய கடையில் கொண்டுபோய் வைப்பாள்.

இந்த நேரத்தில்தான் பட்டியல் திரும்பி வந்தது. தொண்ணூற்றாறில் ஊர்ச்சங்கத் தலைவர் கல்யாணசுந்தரம் மாஸ்டர் வீட்டுக்கு மருமகன் இணையம் எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் ‘சந்தி’யின் பழைய பக்கங்களைத் தோண்டிக்கொண்டு போனவர், நாற்பத்தொரு வரியையும் கண்டார். பார்த்துவிட்டு வியர்த்துப் போனார், ஏனென்றால் பதினேழாவது அவர். சமாதானம் என்று வந்தவருக்கு ஆதரவு கொடுத்தவன் என்று இப்போது ஒருவனைக் காட்டினால், அவன் கோவிலில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. ஊரே சிதறிக் கிடக்கிறது, சனத்துக்கு யாரையாவது ஏசவேண்டும். உலகம் முழுக்க வாசிக்கக்கூடிய இடத்தில் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் பச்சையாகக் கிடந்தன.

ஆனால் மாஸ்டர் இன்னொன்றையும் கண்டார். நாற்பத்தொரு வரியும் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தன. யோகலிங்கத்தின் முகவரி. ஒரு கையொப்பம் கிடையாது, ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. படிவமென்றால் கீழே கையொப்பம் வாங்கும் மனுசன், கம்ப்யூட்டரில் எங்கே கையொப்பம் வாங்குவது என்று யோசிக்கவேயில்லை.

ஒரு கிழமைக்குள் கதை கட்டி முடிந்துவிட்டது. ‘யோகலிங்கம் தன்னிச்சையாக எங்கள் பெயர்களை எழுதிவிட்டார்’ என்பதுதான் அது. முதலில் ஒருவர் சொன்னார், பிறகு ஐந்து பேர், பிறகு எல்லோரும். பயந்து சொன்னது கொஞ்ச நாளில் பழகிவிட்டது. சிலர் உண்மையாகவே அப்படித்தான் நடந்ததென்று நம்பியும் விட்டார்கள் போல, அவ்வளவு கோபமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் கொடுமை நாற்பத்திரண்டாவது வரி. “பாத்தீங்களே, தன்ர பேருக்கு நேர ‘ஒருவருக்கும் இல்லை’ எண்டு போட்டு ஆள் தப்பியிட்டார். எங்களைத்தான் மாட்டி விட்டிருக்கிறார். எவ்வளவு தந்திரம்!” யோகலிங்கத்துக்கு இதைக் கேட்டு அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. படிவம் நிரப்ப ஆட்கள் வருவது நின்றது. சமையலறை மேசை முதல் தடவையாகச் சாப்பிடுவதற்கு மட்டும் பயன்பட்டது.

செப்டெம்பர் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் இல்போர்ட்டில் ஒரு சேர்ச் மண்டபத்தில் ஊர்ச்சங்கக் கூட்டம். செயலாளரை நீக்குவது மட்டும்தான் விஷயம். புறப்படும்போது சந்திரவதனா, “நானும் வாறன்” என்றாள். யோகலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இவள் ஒருத்தி போதும் என்று நினைத்தார். அன்று காலை அவள் ஆனந்தராஜாவின் கடைக்குப் பார்சல் கொடுக்கப் போய்வந்தது அவருக்குத் தெரியும். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அவர் கேட்கவில்லை.

மண்டபத்தில் எழுபது பேர். நாற்பத்தொருவரில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். யோகலிங்கம் எழுந்து நின்றார்.

“நான் ஒருத்தற்ற பேரும் சொல்லிக் கேக்கேல்லை. சொன்னவை தாங்களா எழும்பிச் சொல்லுங்கோ. ஒரு ஆள் சொன்னால் காணும். செயலாளர் வேலையை நானே விட்டுட்டுப் போறன். எனக்குக் கள்ளன் எண்ட பேர் மட்டும் வேண்டாம்.”

மண்டபத்தில் எல்லோருக்கும் திடீரென்று தரையில் ஏதோ பார்க்க இருந்தது. கடைசி வரிசையில் பியற்றிஸ் ரீச்சர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஓம். நான் சொன்னனான். நான் சொல்லச் சொல்லத்தான் தம்பி எழுதினது. நான் மட்டுமில்லை, இஞ்ச இருக்கிற கனபேர் சொன்னதை நான் என்ர காதால கேட்டனான்.”

கல்யாணசுந்தரம் மாஸ்டர் மிகவும் மரியாதையாகச் சிரித்தார். “ரீச்சர், உங்களுக்கு எழுபத்தஞ்சு வயசாகுது. இப்ப கொஞ்சம் மறதி எண்டு மகளே சொன்னவ.”

“எனக்கு வருத்தம் முழங்காலில மாஸ்டர். தலையில இல்லை.”

சிலர் சிரித்தார்கள். மண்டபம் கொஞ்சம் அசைந்தது. இன்னும் ஒருவர் எழுந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும், அவ்வளவு கிட்ட வந்தது. அதைக் கண்டுதான் ஆனந்தராஜா எழுந்தார்.

“ஏன் வீண் வாக்குவாதம்? ஒரே வீட்டில இருக்கிறவ இஞ்ச இருக்கிறா, அவவைக் கேப்பம். வதனாக்கா, பட்டியலில முதல் பேர் உங்கட பேர்தான். நீங்கள் சொல்லித்தான் இவர் எழுதினவரோ?”

யோகலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல், ‘ஓம்’ என்ற ஒரு சொல்தான்.

“எனக்கு உந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் தெரியாது” என்றாள் சந்திரவதனா. “இவர் அங்க இருந்து என்னத்தை எழுதினவரோ, எனக்கெப்பிடித் தெரியும்.”

பியற்றிஸ் ரீச்சர் உட்கார்ந்துவிட்டார். கை உயர்த்தச் சொன்னபோது எல்லாக் கையும் உயர்ந்தது. யோகலிங்கம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மாஸ்டரின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். 86 பஸ்ஸில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக இருந்து வந்தார்கள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அவர் கேட்டார்.

“நீர் சொல்லேல்லையோ வதனா?”

“சொன்னனான். முதல் ஆளாச் சொன்னனான்.” அவள் கோட்டைக் கழற்றாமலே நின்றாள். “பார்சல் வியாழக்கிழமை போகுதாம். ‘அக்கா, பின்னேரம் யோசிச்சுக் கதையுங்கோ’ எண்டு காலமை ஆனந்தன் சொல்லித்தான் விட்டவன். அம்மாக்குக் குளிசை முடிஞ்சு பத்து நாளாச்சு. உங்கட பேர் பெரிசோ, அம்மான்ர உயிர் பெரிசோ? நீங்களெண்டால் என்ன செய்திருப்பியள், சொல்லுங்கோ.”

அவருக்குக் கோபம் மட்டும் வந்தது. அதை யார் மேல் காட்டுவதென்று தெரியாமல் தோட்டத்துக்குப் போய் நின்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில், வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி மரியாதையாக இருந்தார்கள். சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை.

ஒக்டோபர் நடுவில் அவளுடைய தம்பியின் கடிதம் வந்தது. எங்கெங்கோ சுற்றி, மூலை கிழிந்து வந்திருந்தது. அம்மா செப்டெம்பர் இரண்டாம் திகதி போய்விட்டாள் என்று எழுதியிருந்தான். கூட்டம் நடந்தது இருபத்திரண்டாம் திகதி. சந்திரவதனா திகதியை விரலால் எண்ணிப் பார்த்தாள், திரும்பவும் எண்ணினாள். இருபது நாள் முதலே செத்துப்போன தாய்க்காக அவள் புருசனை விற்றிருக்கிறாள். கடிதத்தின் அடியில் தம்பி இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தான். சின்னவனுக்கு மலேரியா திரும்பத் திரும்ப வருகிறது, இங்கே குளிசை இல்லை, ஏதாவது செய்யுங்கோ.

துக்கம் விசாரிக்கச் சனம் வந்தது. அதில் எங்கள் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் இருந்தவர்களும் வந்தார்கள், கை உயர்த்தியவர்களும் வந்தார்கள், இரண்டும் ஒரே ஆட்கள்தானே. வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டர் வந்து யோகலிங்கத்தின் கையைப் பிடித்து, எதுவும் நடக்காதது போல, “எல்லாம் அவன் செயல்” என்றார். ஆனந்தராஜா தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரோரம் இருந்தார். வீடு நிறையச் சனம்.

“ஆனந்தன், இஞ்ச வாரும்” என்று சந்திரவதனா கூப்பிட்டாள். “அண்டைக்குக் கூட்டத்தில நான் சொன்னது பொய். நான் சொல்லித்தான் இவர் என்ர பேரை எழுதினவர். நீங்கள் எல்லாரும் சொல்லித்தான் எழுதினவர். உம்மட பேரைக் காணேல்லை எண்டு நீர் போன் அடிச்சுச் சண்டை பிடிச்சீர். அந்தப் போனை எடுத்து இவரிட்டக் குடுத்ததே நான்தான். ரீச்சர் சொன்னது முழுக்க உண்மை. இப்ப சொல்லுங்கோ பாப்பம், ஆர் கள்ளன்?”

இந்தச் சொல்லுக்காகத்தான் யோகலிங்கம் எத்தனையோ மாதம் காத்திருந்தார். வெறும் வீட்டில் நடந்தபடி, இப்படி ஒருவர் எழுந்து சொல்வதைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். அது இப்போது, எல்லோர் முன்னாலும், அவருடைய மனைவியின் வாயாலேயே வந்துவிட்டது. அவர் ஆனந்தராஜாவின் முகத்தைப் பார்த்தார். அதில் வெட்கம் இல்லை. இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்ட முகம் அது. யோகலிங்கத்தின் சட்டைப் பையில், சின்னவனுக்குக் குளிசை கேட்டு வதனாவின் தம்பி எழுதிய கடிதம் இருந்தது.

“அக்கா துக்கத்தில கதைக்கிறா” என்று ஆனந்தராஜா எழுந்தார். “நான் போட்டு வாறன்.”

“ஓம் ஆனந்தன், துக்கத்திலதான் கதைக்கிறா” என்றார் யோகலிங்கம். “தாய் போன நாளில இருந்து அவவுக்கு மனம் சரியில்லை. குறை நினையாதையும். ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாற்ற பேரையும் நான்தான் எழுதினனான். இரும், தேத்தண்ணியைக் குடியும்.”

ஆனந்தராஜா கோப்பையோடு திரும்பச் சுவரோரம் உட்கார்ந்தார்.

“தம்பியாருக்கு என்ன வேணும் எண்டு எழுதித் தாங்கோ யோகண்ணை. செவ்வாய்க்கிழமை ஒராள் போறார்.”

சந்திரவதனா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுத சத்தம் தாய்க்கான அழுகை என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.

நாற்பத்தொரு பெயரையும் தானே எழுதியதாக யோகலிங்கம் ஒப்புக்கொண்டார், அதுவும் செத்த வீட்டில் வைத்து ஒப்புக்கொண்டார் என்று அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோவிலில் கதை பரவியது. அந்தக் கதையைப் பரப்பியவர்களில் பெரும்பாலானோர் அந்த நாற்பத்தொருவருக்குள் இருந்தவர்கள். மலேரியாக் குளிசை மார்கழி மாதம் போய்ச் சேர்ந்ததாகத் தம்பி எழுதியிருந்தான்.